கிட்னிக்குக் காத்திருக்கும் வீடு

என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் போதும் என்றார்கள். பதிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். கிட்னி கிடைத்து ஆஸ்பத்திரியில் கூப்பிடும் நாளில் உடம்பு அறுவையைத் தாங்க வேண்டுமே! இருதய ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பல் வைத்தியம் வரை பார்த்தோம். சொத்தைப் பல்லுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். புது உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், பல்லில் பதுங்கிய கிருமி அப்போது தலைதூக்கும் என்றார் டாக்டர்.

முதலில் நானே கொடுக்கிறேன் என்றேன். எனக்கு இனிப்புநீர் நோய் இருப்பதால் எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட்டார்கள். கொழுந்தனாருக்கு இரத்தப் பிரிவு ஒத்து வரவில்லை. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975லேயே சிறுநீரக மாற்று நடந்த நாடு இது. ஆனாலும் இறந்தவர்களிடமிருந்து கிடைப்பது இன்றும் மிகக் குறைவு. உறவில் ஆள் அமையாதவர்களுக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது.

செந்தூலில் வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். மற்ற நாள்களில் அவர் குடிப்பதைக் கண்காணிக்கும் போலீஸ் வேலை எனக்கு. போகிற சிறுநீரின் அளவோடு 500 மில்லி, அவ்வளவுதான் ஒரு நாளுக்கு அவர் குடிக்கலாம். ரசம், மோர், ஐஸ் கட்டி எல்லாம் இதில் அடக்கம். காலையிலேயே போத்தலில் அளந்து வைத்துவிடுவேன். "என்னங்க, மாமாக் கடையில் குடித்த தே தாரிக் டீ எந்தக் கணக்கு?" என்றால், "பாதி நுரைதானேமா" என்பார்.

கெட்டுப்போன சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் குறையக் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். வாயில் வைக்க விளங்காது, பழகிக்கொண்டோம். பார்க்க வரும் சொந்தக்காரர்களைத்தான் பழக்க முடியவில்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் வரும். அதில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறது. ஒரு சித்தி பையில் பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் கொண்டுவந்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது விஷம். விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். சிரித்துக்கொண்டே வாங்கி, அவர் கார் கிளம்பியதும் குப்பையில் போட்டேன்.

நானும் மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் உறுப்பு தானத்துக்குப் பதிந்திருக்கிறேன். பதிந்தவராக இருந்தாலும் கடைசியில் குடும்பத்தாரிடம்தான் சம்மதம் கேட்பார்களாம். அதனால் பிள்ளைகளிடமும் மாமியாரிடமும் சொல்லி வைத்தேன். மாமியார் 'வெள்ளிக்கிழமை பேசுற பேச்சா இது' என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து மறுபடி பேச வேண்டும்.

அப்புறம் போன். மோசடிக் கும்பலுக்குப் பயந்து தெரியாத எண்ணை இங்கே யாரும் எடுப்பதில்லை. நான் எல்லாவற்றையும் எடுக்கிறேன், நடுராத்திரியிலும். ஒருமுறை வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டவனிடம், அவன் பேசி முடிப்பதற்குள், "எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்? இப்பவே கிளம்புறோம்" என்றேன். அவனே வைத்துவிட்டான்.