வெளிச்சம் பட்டால் வேலையைத் தொடங்கும் வெள்ளைப் பொடி
வெள்ளை பெயின்டிலும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிற அதே டைட்டானியம் டை ஆக்சைடுதான், புற ஊதா ஒளி பட்டதும் தன்மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சாயம் மாதிரியான கரிமப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்குப் பிரமிப்புதான்.

டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவமான அனடேஸில் ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிட சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 387 நானோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ அலைநீளமுள்ள ஒளி. எலக்ட்ரான் போன இடத்தில் ஒரு துளை மிஞ்சும். அந்தத் துளைக்கு எலக்ட்ரான் பசி அதிகம். பரப்பில் இருக்கும் தண்ணீரிடமிருந்து பிடுங்கி ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துணுக்கை உண்டாக்கும், இல்லையென்றால் கரிம மூலக்கூறையே நேராகத் தாக்கும். கிளம்பிய எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடு என்ற, இன்னும் துடிப்பாக வினைபுரியும் வடிவமாகிறது. இத்தனைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு செலவாவதே இல்லை!

ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்களும் துளைகளும் வினைக்குப் போகாமலே மறுபடி சேர்ந்து வெப்பமாக வீணாகிவிடும். சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கும் சுமார் 5 சதவீதம்தான். இந்த வினையை வைத்துக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகளில் இன்னொரு சிக்கல், வினை பாதியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப் பொருள்கள் வெளியே வரலாம். அதனால் விளக்கு, காற்றோட்டம் பற்றி விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், சன்ஸ்கிரீனில் இந்த வினை நடக்கவே கூடாது, அதற்காகத்தான் அதன் துகள்களுக்கு சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுக்கிறார்கள். வெளிச்சுவர் பெயின்டிலும் அப்படித்தான். பூச்சு சரியில்லை என்றால் பெயின்டின் பிசினையே அது அரித்துவிடும், சுவரைத் தொட்டால் கையெல்லாம் வெள்ளைத் தூள் ஒட்டும்.