எஸ்பிளனேடில் ஒரு ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே என் மனைவி பச்சைப் பட்டுப்புடவையில் தயாராக நின்றாள். பழைய திரைப்பாடல் நிகழ்ச்சி மதியம் மூன்று மணிக்குத்தான். சிங்கப்பூரின் வடக்கே யீஷூனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து எஸ்பிளனேடு கலையரங்கத்துக்குப் போக ஒரு மணி நேரம் போதும். ஆனால் வேலையை விட்ட பிறகு எங்கள் வழக்கம் அப்படி. ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தால் அந்த நாள் முழுவதும் அதற்குத்தான்.

டோபி காட் நிலையத்தில் ஊதா வழித்தட ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. நேராகக் கோமள விலாஸ். 1947 முதல் சிராங்கூன் ரோட்டில் இருக்கும் கடை. 1978இல் கல்யாணம் முடிந்து இவள் சிங்கப்பூருக்கு வந்தபோது முதன்முதலில் சாப்பிட அழைத்துப் போனதும் அங்கேதான். ஆளுக்கு ஒரு மசால் தோசை, காப்பி. அவசரமே இல்லை.

அப்புறம் பஃபலோ ரோட்டில் பூ. பூக்காரம்மா முழங்கையில் சரத்தின் ஒரு முனையை வைத்து விரல் நுனிவரை இழுத்து அளந்தார். இரண்டு முழம் அளந்து முடித்தவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சாண் விட்டுக் கத்தரித்தார். "கச்சேரிக்கா அக்கா? நல்லா வச்சிட்டுப் போங்க" என்றார். அந்த மல்லிகை வாசனை ரயிலிலும் எங்கள் கூடவே வந்தது.

எஸ்பிளனேடை இங்கே எல்லாரும் டுரியான் என்று, அந்த முள் பழத்தின் பெயரால்தான் சொல்வார்கள். 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள் முள் முள்ளாகக் கூரையை மூடியிருக்கும். வெயிலைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. 2002இல் திறந்தார்கள். நாங்கள் போனது பெரிய அரங்குக்கு இல்லை, 245 பேர் உட்காரும் சிறிய இசைக்கூடத்துக்கு. எனக்கு அதுதான் பிடிக்கும். வாசிப்பவர்களின் விரல் தெரியும். ஏசி குளிர் தாங்காது என்று இவள் சால்வை கொண்டுவந்திருந்தாள், எனக்கும் சேர்த்து.

மேடையைப் பார்த்ததுமே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இப்போதெல்லாம் ஒரு கீபோர்டை வைத்தே பாதி வாத்தியங்களைச் சமாளித்துவிடுகிறார்கள். இங்கே நிஜமான அக்கார்டியன், மாண்டலின், பாங்கோஸ், தபலா, மூன்று வயலின்கள். 60களின் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துத்தான் பதிவு செய்வார்கள். ஒருவர் தப்பு செய்தால் முதலிலிருந்து மறுபடியும். அந்தப் பாடல்களில் எல்லாரும் ஒரே மூச்சில் போவதுபோல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அன்று கண்ணாலும் பார்த்தேன். பாடகர் மூச்சை இழுக்கும்போது அக்கார்டியன்காரரின் துருத்தியும் விரிந்தது.

டி.எம்.எஸ். பாடல்களைப் பாடிய பையனுக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும், சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து அழுத்தி இன்னொரு விதமாகவும் பாடிய டி.எம்.எஸ்ஸின் அந்த வித்தியாசத்தை அவன் புரிந்து வைத்திருந்தான். சும்மா சாயல் காட்டவில்லை, படித்திருக்கிறான். சுசீலாம்மா பாடல்களைப் பாடிய பெண் தொடக்கத்தில் தயங்கினாள். மூன்றாவது பாட்டில் சரியாகிவிட்டது.

நான் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவன். இந்தப் பாடல்களை வானொலியிலும், பக்கத்துச் சோங் பாங் கிராமத்தில் இருந்த சுல்தான் தியேட்டரிலும் கேட்டேன். இவள் திருவையாற்றில் வளர்ந்தவள். இலங்கை வானொலியில் காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் பள்ளிக்கூடம் கிளம்ப மாட்டாளாம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பாட்டு.

அரங்கில் எல்லாரும் பல்லவியைச் சேர்ந்து பாடினார்கள். நானும் பாடினேன். இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். பல்லவி முடிந்து அக்கார்டியன் தொடங்கியது. இவளிடமிருந்து மெல்லிய முணுமுணுப்பு. இடையிசை முழுவதையும், வயலின் வரும் இடம், மாண்டலின் பதில் சொல்லும் இடம் என்று ஒன்று விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். சரணம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த பாட்டிலும் அப்படியே.

இடைவேளையில் கேட்டேன்.

"எங்க வீட்டுல பொண்ணுங்க காதல் பாட்டு பாடக்கூடாதுங்க. அப்பா முறைப்பாரு. மியூசிக்கை மட்டும் முணுமுணுத்தா என்ன பாட்டுன்னு யாருக்குத் தெரியும்? அதுவே பழகிப்போச்சு."

சமையலறையில் இவள் முனகுவதை நாற்பது வருடங்களுக்கு மேல் கேட்டிருக்கிறேன். ஏதோ ஸ்லோகம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். இரண்டாம் பாதியில் மேடையைவிட அந்த முணுமுணுப்பைத்தான் அதிகம் கேட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து ஆற்றோரம் வந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் எஸ்பிளனேடு பூங்காவில் ஒரு காலத்தில், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சத்தே விற்கும் கடைகள் சேர்ந்த சத்தே கிளப் இருந்தது. 1995இல் எடுத்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில் அங்கே இவளுக்கு ஆட்டுச் சத்தே வாங்கிக் கொடுத்தேன். கச்சான் குழம்பில், அதாவது வேர்க்கடலைக் குழம்பில், தோய்த்து ஒரு கடி கடித்துவிட்டு, "இனிப்பா இருக்கே!" என்று விழித்தவள், பத்துக் குச்சியையும் முடித்தாள். இப்போது அந்த இடத்தில் புல்தரை. எங்கே மேசை போட்டிருந்தார்கள் என்று இருவரும் கொஞ்ச நேரம் வாதம் செய்தோம். அவள் சொன்ன இடம்தான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

இருட்டிய பிறகு ரயில் ஏறினோம். நோவீனா தாண்டியதும் இவள் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். இந்தமுறை எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிட்டேன். முழங்கால்மேல் பாங்கோஸ் தாளம் போட்டேன்.

"கொஞ்சம் மெதுவாப் போடுங்க" என்றாள். "வயலின் இன்னும் வரல."