மல்டிவேரியேட் பேப்பர் ஒருவழியா பாஸ்: ப்ரையரை மறந்தவன் புலம்பல்

நேத்து ராத்திரி மல்டிவேரியேட் (பல அளவுகள ஒண்ணா அலசுற புள்ளியியல்) பேப்பர் ரிசல்ட் வந்துச்சு, பாஸ், ரெண்டாவது அட்டெம்ப்ட். போன தடவை ஊத்திக்கிட்டதுக்கு ஒரே ஒரு கேள்விதான் காரணம்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

திவாலான கம்பெனி, ஆகாத கம்பெனி, ரெண்டு குரூப்போட நிதி ரேஷியோவும் குடுத்து, புதுசா ஒரு கம்பெனிய எதுல சேர்ப்பேன்னு கேட்டிருந்தான், டிஸ்கிரிமினன்ட் அனாலிசிஸ் கணக்கு. மேட்ரிக்ஸ் இன்வர்ஸ்லாம் சுத்தமா போட்டு ரேஷியோவ எல்லாம் ஒரே ஸ்கோரா ஆக்கி, ரெண்டு சராசரி ஸ்கோருக்கும் நட்ட நடுவுல கட்-ஆஃப் வெச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். நூத்துக்கு ரெண்டு கம்பெனிதான் திவாலாகும்னு கடைசி வரில இருந்துச்சு, நான் அத படிக்கவே இல்ல.

ப்ரையரும் (டேட்டா பாக்குறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு குரூப்புக்கும் இருக்குற வாய்ப்பு) சமம், தப்பா சொன்னா ஆகுற காஸ்ட்டும் சமம்னாதான் நடுப்புள்ளி செல்லும். 98க்கு 2ன்னா 49ஓட நேச்சுரல் லாக், அதாவது 3.89 அளவுக்கு கட்-ஆஃப் திவால் பக்கமா நகரும். (திவால கோட்ட விடுற காஸ்ட், நல்லத திவால்னு சொல்ற காஸ்ட்ட போல சரியா 49 மடங்குன்னா திரும்ப நடுவுக்கே வந்துடும், இதையும் சும்மா ஒரு வரி எழுதிடுங்க.)

ஏன் இவ்ளோ கத்துறேன்னா, 1000 கம்பெனில 20 திவால்னு வெச்சுக்கோங்க, ரெண்டு பக்கமும் 95% கரெக்டா சொல்ற ரூல் 19ஐப் புடிக்கும், ஆனா நல்லா இருக்குற 980லயும் 49ஐ திவால்னு சொல்லிடும், ஆக மாட்டுற 68ல நெஜம் 19தான். ஆல்ட்மேன்ங்குற நிதிப் பேராசிரியர் 1968ல இஸட் ஸ்கோர் (திவால முன்கூட்டியே கணிக்கிற ஸ்கோர்) போட்டது 33 திவால், 33 நல்ல கம்பெனின்னு சமமா எடுத்த சாம்பிள்ல. அந்த 33-33ஐ, 1.81, 2.99 கட்-ஆஃபோட சேத்து மனப்பாடம் பண்ணுன எனக்கு, வெளி உலகத்துல திவாலாகுறது பாதி கம்பெனி இல்லன்னு உறைக்கல பாருங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா:
- கோவேரியன்ஸ் (ரேஷியோக்கள் ஒண்ணோட ஒண்ணு சேந்து மாறுற அளவு) ரெண்டு குரூப்லயும் ஒண்ணாங்குறத சொல்லாம லீனியர் ஃபங்ஷன் போடாதீங்க. வேறன்னா குவாட்ராட்டிக் (வர்க்கம் வர்ற ஃபங்ஷன்). ஒண்ணான்னு சோதிக்கிற பாக்ஸ் எம் டெஸ்ட், நார்மல் (மணி வடிவப் பரவல்) இல்லாத டேட்டால சும்மாவே ரிஜெக்ட் பண்ணும்.
- டம்மி வேரியபிள் (ஆமா, இல்லன்னு 1, 0 போடுறது) இருந்தா லாஜிட் (வாய்ப்ப நேரா கணிக்கிற மாடல்) பக்கம் போங்க. ஓல்சன்ங்குற ஆய்வாளர் 1980ல திவாலுக்கு அதத்தான் போட்டாரு.
- எந்த டேட்டால ஃபங்ஷன் போட்டீங்களோ அதுலயே ஹிட் ரேட் (நூத்துக்கு எத்தன சரியா சொல்லுச்சு) பாத்தா அது ஏமாத்து. ஒவ்வொரு கம்பெனியா வெளிய எடுத்துட்டு, மத்ததுல ஃபங்ஷன் போட்டு, எடுத்தத வெச்சு டெஸ்ட் பண்ணணும்.
- கிளஸ்டருக்கு (ஒத்தத ஒண்ணா குழு சேக்குறது) முன்னாடி ஸ்டாண்டர்டைஸ் (எல்லா அளவையும் ஒரே ஸ்கேலுக்கு கொண்டு வர்றது). தலா வருமானம் ஆயிரக்கணக்குல, வேலையின்மை ஒத்த இலக்கத்துல இருந்தா தூரத்த முழுக்க வருமானமே முழுங்கிடும்.

சாஃப்ட்வேர் அவுட்புட் பாத்துப் படிக்கிறவங்க இருக்காங்க, எனக்கு ரெண்டுக்கு ரெண்டு மேட்ரிக்ஸ கையால போட்டாதான் மண்டைல ஏறும், அதனால தினம் ஒண்ணு போட்டேன்.

இந்த தடவை ஹால்ல உக்காந்ததும் ரஃப் ஷீட்ல பெருசா 'ப்ரையர்'னு எழுதி ரெண்டு கோடு வேற போட்டேன். பேப்பர்ல அந்தக் கேள்வியே வரல, சிங்கிள் லிங்கேஜ் டென்ட்ரோகிராம் (கிளஸ்டர் எப்படி சேருதுன்னு காட்டுற மரப்படம்) வரையச் சொல்லிட்டான்.