கரடியோட பட்டப்பேரு

மார்ச் 4
போலந்து மொழியான போலிஷ்ல கரடிக்கு 'நியெஜ்வியெச்'னு பேரு, வேகமா அஞ்சு தடவ சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். ஆரம்பத்துல வர்ற 'நியெ'க்கு தனியா இருந்தா 'இல்ல'னு அர்த்தம், ஆனா இங்க அதுக்கும் கரடிக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய போலிஷ்ல இது 'மியெஜ்வியெச்', அந்த ம-லதான் கதையே இருக்கு.

மார்ச் 5
போலிஷ், ரஷ்யன், செக் இதுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவிய மொழில இது தேன் ப்ளஸ் தின்னுறது, அதாவது தேன்தின்னி. போலிஷ்ல இன்னிக்கும் தேனுக்கு 'மியுத்', லித்துவேனியன்ல 'மெடுஸ்', சமஸ்கிருதத்துல மது, ஆமா டாஸ்மாக் போர்டுல 'நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்கு கேடு'னு போட்டிருக்கே அதே மதுதான். பின்பாதி சமஸ்கிருத 'அத்', இங்கிலீஷ் 'ஈட்' இதுங்களோட சொந்தக்காரன். ரிக்வேதத்துல தேன் தின்னுற பறவைங்கள 'மத்வத'னு சொல்றாங்க, மது + அத், உ போய் வ் வந்துடுது. ஸ்லாவிய சொல்லுலயும் அச்சு அசல் இதே புணர்ச்சிதான்!! இது தெரியாம அந்த வ் 'அறியுறது'ங்கற சொல்லோட ஆரம்பம்னு நெனச்சுட்டு 'தேன் இருக்கற எடத்த அறிஞ்சவன்'னு ரஷ்யன்ல ஒரு விளக்கம் சொல்லுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தப்பு.

மார்ச் 8
அப்போ தேன்தின்னி பட்டப்பேருதான், நிஜப்பேரு எங்க? ஸ்லாவியத்தோட சொந்தக்கார மொழிங்கள்ல இருக்கு, கிரேக்கத்துல 'ஆர்க்டோஸ்', லத்தீன்ல 'உர்சுஸ்', சமஸ்கிருதத்துல 'ருக்ஷ', நம்ம ஜாம்பவான் ருக்ஷராஜன் ஆனது அப்படித்தான். வடக்கு வானத்து கரடி நட்சத்திரக் கூட்டத்த வச்சுத்தான் ஆர்க்டிக்னு பேரே வந்துச்சு. ஆனா நிஜக் கரடி திரியுற காட்டுல இருந்த ஸ்லாவியர்கிட்டயும் ஜெர்மானியர்கிட்டயும் இந்த பேரு காணாமப் போச்சு, பேர சொன்னா வந்து நிக்கும்னு வேட்டைக்காரங்க பயந்ததாலனு பெரும்பாலான மொழியியல்காரங்க சொல்றாங்க. ராத்திரில பாம்ப 'பூச்சி'னு சொல்ற ஊர்க்காரங்களுக்கு இத வெளக்கவே வேணாம். இங்கிலீஷ் 'பேர்' கூட 'பழுப்பு நிறத்தான்'ங்கற பட்டப்பேருனுதான் பலரும் சொல்றாங்க.

மார்ச் 9
ம எப்படி ந ஆச்சு? ம், வ் ரெண்டுக்கும் உதடு வேணும், பக்கத்து பக்கத்துல வந்தா ஒண்ணு விலகிக்கும், அவ்ளோதான். செக் மொழில பொதுவா 'மெத்வியெத்'தான், ஆனா 2003ல பாலோன் டோர்ங்கற பெரிய கால்பந்து விருது வாங்கின செக் ஆட்டக்காரர் பவெல் நெத்வியெத் குடும்பப்பேர்ல ந தான் இருக்கு. உக்ரைன்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் எழுத்தையே மாத்திப் போட்டு 'வெத்மித்' ஆக்கிட்டாங்க. பட்டப்பேருக்கே இந்த கதினா நிஜப்பேரு தப்பிச்சதுனு வச்சுக்கலாம்.