பூங்காவில் ஒரு பெரிய தோசைக்கல்

2018 பிப்ரவரியில் சிட்னியில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த சமையல் இரண்டே இரண்டு: வெந்நீர் வைப்பது, முட்டை அவிப்பது. இரண்டாவதில் அவ்வப்போது தோற்பதும் உண்டு. பாளையங்கோட்டையில் இருந்தவரை அடுப்படி அம்மாவின் ராஜ்யம். சென்னையில் வேலை பார்த்த 4 வருடமும் மெஸ்ஸிலேயே ஓடிவிட்டது. இங்கே வந்த முதல் வாரம் ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டுக்கு 18 டாலர் கொடுத்தேன். கொடுத்த கையோடு மனசு ரூபாயில் பெருக்கிப் பார்த்தது. அன்றைய கணக்குக்கு 900 ரூபாய். சாயங்காலமே குக்கர் வாங்கப் போய்விட்டேன்.

வென்ட்வொர்த்வில்லில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்திருந்தோம். சிட்னியின் மேற்குப் பக்கம், பெண்டில் ஹில், டூங்காபி வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நடக்கிற தூரத்தில் நம்மூர்க் கடை ஒன்று, இலங்கைக் கடை ஒன்று. துருவி உறையவைத்த தேங்காய், நறுக்கி உறையவைத்த முருங்கைக்காய், வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூள், நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கும். கறிவேப்பிலை மட்டும் தங்கம் மாதிரி. ஊரில் காய் வாங்கினால் ஓசியில் கிள்ளிப் போடுவதை இங்கே சின்னப் பொட்டலத்தில் அடைத்து டாலர் கணக்கில் விற்கிறார்கள். மற்றபடி பொருளுக்குப் பஞ்சமில்லை. என் பிரச்சினை அடுப்புதான்.

எங்கள் ஃபிளாட்டில் இருந்தது கண்ணாடி மேல்தட்டு வைத்த மின்சார அடுப்பு. தீ என்று ஒன்று கண்ணிலேயே படாது. அம்மா போனில் "சிம்ல வச்சிரு" என்பாள். நான் திருகைப் பார்ப்பேன், அதில் 1 முதல் 9 வரை எண்கள். சிம் என்பது எந்த எண்? 2 என்று வைத்துக்கொண்டேன். அதிலும் ஒரு சிக்கல். கேஸில் குறைத்தால் அந்த நொடியே குறைந்துவிடும். இந்த அடுப்பில் 8-லிருந்து 2-க்குத் திருகினாலும் கண்ணாடி இன்னும் சில நிமிடங்களுக்குப் பழைய சூட்டிலேயே கொதித்துக்கொண்டிருக்கும். கடுகு வெடித்ததும் குறைத்தேன், உளுந்து கருகியது. அடுத்த நாள் அணைத்தே பார்த்தேன், வெந்தயம் கருகியது. முதல் பத்து நாள் எங்கள் வீட்டு சாம்பார் எல்லாமே கசப்பு.

அப்புறம்தான் ஒரு வழி பிடிபட்டது: திருகை விட்டுவிட்டுச் சட்டியை நகர்த்து. ஒரு வளையத்தை 8-லும் பக்கத்து வளையத்தை 2-லும் முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டு, தாளிசம் வெடித்ததும் சட்டியை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட வேண்டும். குக்கருக்கும் இதே கதைதான். மூன்று விசில் வந்ததும் அணைத்தால் ஐந்தாவது விசில் வரை அதுபாட்டுக்குக் கத்தும், பருப்பு கூழாகிவிடும். விசில் வந்ததும் இறக்கித் தனியே வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, சூடு உடனே குறையும். ஆனால் ஊரிலிருந்து அலுமினியக் குக்கரைச் சுமந்து வராதீர்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் எந்தப் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறதோ அதுதான் இண்டக்‌ஷனில் சூடாகும்.

தாளிப்பைப் பற்றிப் பேசும்போது புகைமணியையும் சொல்லியாக வேண்டும். இந்த மாநிலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் புகைமணி இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியோ வெளியே போகும் குழாய் இல்லாத ரகம், புகையை வாங்கி வடிகட்டி மறுபடி நம் முகத்திலேயே ஊதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு வரமிளகாயை எண்ணெயில் போட்டேன். மணி அலறியது. ஊர்ப் புத்தி, வாசல் கதவை விரியத் திறந்து துண்டால் விசிறினேன். புகை அப்படியே பொது நடைபாதைக்குப் போய் அங்கிருந்த கருவியில் பட்டது. அது கட்டடம் முழுவதற்குமான மணி, நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைத்தது. ஆறு மாடியும் கீழே இறங்கி வந்து நின்றது, பைஜாமாவோடும் நாய்க்குட்டியோடும். ரசம் வைத்தேன் என்று அந்தத் தீயணைப்பு வீரருக்கு நான் விளக்கிய ஆங்கிலத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இப்படிப்பட்ட பொய் அழைப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டிவரலாம். ஆக, அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் திறங்கள். வாசல் கதவை மட்டும் தொடாதீர்கள்.

புதிதாகச் சமைப்பவருக்கு நான் சொல்வது, ஒரே குழம்பை ஒரு வாரம் வையுங்கள். நான் முட்டைக் குழம்பு வைத்தேன். நான்காம் நாள்தான் வெங்காயம் பற்றிய உண்மை தெரிந்தது. வீடியோக்களில் "பொன்னிறமாக 5 நிமிடம் வதக்கவும்" என்கிறார்கள். 5 நிமிடத்தில் எந்த வெங்காயமும் பொன்னிறமானதில்லை. நடுத்தரச் சூட்டில் 15 நிமிடமாவது ஆகும். அந்த 15 நிமிடம் நின்றுவிட்டால் பாதிக் குழம்பு முடிந்த மாதிரி. இன்னொன்று, ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் 15. வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து இங்கே வாங்கிய கரண்டியால் உப்பு அளந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அம்மாவுக்கு இந்தக் கவலையே இல்லை. அவளுக்கு எல்லாம் கண்ணளவு.

இப்போது பூங்காவுக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் பூங்காக்களில் இருக்கும் இலவச மின்சார பார்பிக்யூ அடுப்புகள். செங்கல் மேடையில் ஒரு பெரிய எஃகுத் தட்டு, ஓரத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்கு எரியும், தட்டு சூடாகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும், மறுபடி அழுத்த வேண்டும். காசு கிடையாது, கேட்பாரும் கிடையாது. சமைத்து முடித்ததும் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எழுதாத ஒழுங்கு. பெரும்பாலும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வந்த வருடம் நவம்பரில் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பரமட்டா பூங்காவுக்குப் போனோம். கோழி என் பொறுப்பு. இரண்டு கிலோ நெஞ்சுக்கறி வாங்கி, தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் தாராளமாகப் பிசைந்து இரவெல்லாம் ஊறவைத்து எடுத்துப் போயிருந்தேன். தட்டு சூடானதா என்றுகூடப் பார்க்கவில்லை. டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். ஐந்து நிமிடத்தில் தட்டு குளமாகிவிட்டது. தயிர் திரிந்து, கறி சாம்பல் நிறத்தில் மிதக்க, ஓரத்தில் மட்டும் மசாலா கருகி ஒட்டிக்கொண்டது. நான் பதற்றத்தில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினேன். புரட்டப் புரட்டப் பிய்ந்தது.

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், முப்பது வருடமாக இங்கே இருப்பவர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் இதைச் சுடேல்லை. அவிக்கிறீர்."

பாதிக் கறியை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார். தண்ணீரைத் தட்டின் நடுவே இருந்த வடிகால் ஓட்டைக்குள் தள்ளிவிட்டார். பிறகு, "வீட்டில தோசை சுடுறதைப் பாத்திருக்கிறீரோ?" என்றார்.

"அம்மா சுட்டுப் பாத்திருக்கேன்."

"அப்ப தெரியுமெல்லே? இதுவும் கல்லுத்தான்."

அம்மா என்ன செய்வாள்? கல்லில் துளித் தண்ணீர் தெளிப்பாள். அது சத்தத்தோடு உருண்டு ஓடினால்தான் மாவு. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்ப்பாள். ஊற்றிவிட்டுத் தொடமாட்டாள். ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டால்தான் கரண்டியை உள்ளே விடுவாள். அவசரப்பட்டு நான் கிண்டினால், "அதுவா விடும்லே, நீ விடு" என்று கையில் தட்டுவாள். இருபது வருடம் பார்த்தது எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

கறியும் அப்படித்தான் விடுகிறது. இறைச்சி சிவந்து வாசம் வர 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மேலே ஈரம் இருக்கிறவரை சூடு 100-ஐத் தாண்டாது, தண்ணீர் ஆவியாவதிலேயே எல்லாம் போய்விடும். தட்டை நிறைத்துப் போட்டாலும் சூடு விழுந்துவிடும், பூங்கா அடுப்புக்கு அத்தனை சக்தியும் கிடையாது. அன்று மீதிப் பாதியை ஒன்றுக்கொன்று விரல் இடைவெளி விட்டுப் போட்டோம். "இனிக் கொஞ்ச நேரம் தொடாதேயும்" என்று அண்ணன் என் கையிலிருந்த இடுக்கியையே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது நான் நெஞ்சுக்கறி வாங்குவதில்லை. எலும்பில்லாத தொடைக்கறிதான். கொழுப்பு கொஞ்சம் இருப்பதால் இரண்டு நிமிடம் கூடப் போனாலும் சக்கையாகாது, கற்றுக்குட்டியை மன்னிக்கும். ஒரு கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், நிறைய மிளகு, இரண்டு கரண்டி எண்ணெய். இஞ்சி பூண்டை அரைத்துப் பிழிந்து சாறு மட்டும் சேர்ப்பேன், ஏனென்றால் முதலில் கருகுவது அந்தச் சக்கைதான். தயிர் வேண்டுமென்றால் துணியில் கட்டி நீர் வடித்தது. தடித்த இடத்தைக் கத்தியால் விரித்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். தட்டில் போடும் முன் அதிகப்படி மசாலாவை வழித்துவிடுகிறேன். பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் வழித்துவிடுங்கள். பக்கத்துக்கு 5, 6 நிமிடம். எலுமிச்சை கடைசியில்.

வெந்ததா என்று வெட்டிப் பார்ப்பதை விட்டு ஒரு வெப்பமானி வாங்கினேன். தடித்த இடத்தில் குத்தினால் 75 டிகிரி காட்ட வேண்டும், இங்கே கோழிக்குச் சொல்லும் கணக்கு அது. வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னலே, செத்த கோழிக்குக் காய்ச்சல் பாக்கே?" என்றாள். சிரித்துக்கொள்ளட்டும். பச்சைக்கறி வைத்திருந்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைத்து, அதனால் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தவன் நான். இரண்டு தட்டு, இரண்டு இடுக்கி என்பது அந்த இரண்டு நாளில் கற்றது. கோடையில் ஐஸ் பெட்டி இல்லாமல் கறியோடு கிளம்புவதும் இல்லை.

மீனுக்கு வந்தால் ஒரு சந்தோஷம். கடையில் பாரமண்டி என்று எழுதியிருப்பது வேறொன்றுமில்லை, நம்ம கொடுவா. ஸ்பானிஷ் மேக்கரல் என்பது வஞ்சிரம். இது தெரியாமல் ஒரு வருடம் சால்மனையே தின்றேன். வஞ்சிரத் துண்டை டிஷ்யூ தாளால் நன்றாக ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு, மசாலா தடவிக் கல்லில் போட்டால் ஒட்டாது. ஒட்டுகிறதென்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் கூட்டத்தில் சைவக்காரர்கள் பாதிப்பேர். எனக்கு முன்னால் அந்தத் தட்டில் யார் என்ன சுட்டார்களோ என்ற கேள்வி அவர்களுக்கு நியாயமாகவே உண்டு. அதனால் தட்டின் மேல் அலுமினியத் தாள் விரித்து, சைவத்தை முதலில் முடித்துவிடுவோம். பனீர், குடைமிளகாய், சோளம். வீட்டு கேஸ் பார்பிக்யூ இருக்கிற நண்பன் வீட்டுக்குப் போனால் கத்தரிக்காயை முழுசாகத் தீயில் போட்டுவிடுவேன். தோல் கருகி உள்ளே தொளதொளவென்று ஆனதும் எடுத்து, உரித்து, புளியும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்தால், கண்ணாடி அடுப்பில் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் வராத அந்தப் புகை வாசம் வரும்.

கரிக்கு ஆசைப்பட்டு 2019 கடைசியில் ஒரு சின்ன கரி அடுப்பு வாங்கினேன். அந்தக் கோடையை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காட்டுத்தீயின் புகையில் வானம் நாள்கணக்கில் செம்மண் நிறத்தில் இருந்தது. 2020 ஜனவரி 4 அன்று எங்களுக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி, விறகு எதையும் வெளியே பற்றவைக்கக் கூடாது. அந்தக் கோடையில் அப்படி எத்தனையோ நாள். அடுப்பு பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. பிறகு வாடகை வீட்டு பால்கனியில் கரிக்கு அனுமதி இல்லை என்றும் தெரிந்தது. அதை அண்ணன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

போன ஏப்ரலில், இங்கே இலையுதிர் காலம், காலை 8 மணிக்கே பூங்காவுக்குப் போய்விட்டோம். வேறு யாரும் வரவில்லை. தட்டைச் சுரண்டித் துடைத்து, வெங்காயத்தால் தேய்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். உருண்டு ஓடியது. பையிலிருந்து தோசை மாவை எடுத்தேன். சிட்னிக் குளிரில் அது புளிக்க, வீட்டு ஓவனின் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே இரவு முழுக்க வைத்திருந்தது. முதல் கரண்டியை ஊற்றி வட்டமாகத் தேய்த்தபோதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. கொழுப்பு வடிவதற்காக அந்தத் தட்டு நடு ஓட்டையை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்கும். என் தோசை மெதுவாகக் கிளம்பி, வாலைச் சுருட்டிக்கொண்டு, ஓட்டைக்குள் போனது. அண்ணன் தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவதைக் கெட்டியாக, சின்னதாக, ஓரமாக ஊற்றினேன். ஊத்தப்பம். மேலே வெங்காயம் தூவினேன். ஓரம் தூக்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பொத்தானின் விளக்கு அணைந்தது. நடுவில் இன்னும் ஈரம். மறுபடி அழுத்தினேன்.