ஐந்தடித் தாளமும் அரைக் கட்டையும்

எழுபதுகளில் பினாங்கில் நம் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும், விளையாட்டுப் போட்டி நாளில் பேண்ட் வாசித்த ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ என்ற அமெரிக்க டிவி தொடரின் முகப்பிசையைத்தான் முதலில் சொல்வார்கள். அச்சடித்த இசைக்குறிப்பு எளிதில் கைக்கு வராத காலம் அது. டிவி முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதியதுதான் பேண்டின் ஏடு. அந்த வேலையின் நுணுக்கம் மறந்துபோகும் முன் நம் பள்ளி மலரில் ஏற வேண்டும்.

பெரிய தொல்லை சுருதிதான். அந்த அமெரிக்கத் தொடர்கள் வினாடிக்கு 24 படம் ஓடும் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. நம் நாட்டு ஒளிபரப்போ வினாடிக்கு 25 படம். நிலையத்தில் ஃபிலிமை 25 வேகத்திலேயே ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 விழுக்காடு கூடும். சுருதியும் கூடவே ஏறும், அரைக் கட்டைக்கு (பியானோவில் அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளிக்கு) சற்றுக் குறைவாக. லாலோ ஷிஃப்ரின் ஜி மைனரில் அமைத்த ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரின் இசையை டிவியில் பிடித்துப் பியானோவில் தேடினால், அது ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில், ஜி ஷார்ப்பை ஒட்டி நிற்கும். கேட்டபடியே ஜி ஷார்ப் மைனரில் எழுதினால் ஐந்து ஷார்ப், அதாவது அரைக் கட்டை ஏற்றும் குறிகள். பி ஃபிளாட் டிரம்பெட் எழுதியதைவிட ஒரு கட்டை கீழே ஒலிக்கும், அதனால் அதற்கு ஏற்றி எழுதினால் பி ஃபிளாட் மைனர், ஐந்து ஃபிளாட் (அரைக் கட்டை இறக்கும் குறிகள்). பழகும் பிள்ளைக்கு விரல் திணறும். அரைக் கட்டை இறக்கி எழுதினால் டிரம்பெட்டுக்கு ஏ மைனர், ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஈ மைனர். கை தானாக ஓடும்.

ரெக்கார்டரின் பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னொரு கோளாறும் சேரும். மெதுவாக ஓடிப் பதிந்த டேப், புதுப் பேட்டரியில் இன்னும் மேலே ஏறிவிடும். இதற்கு நல்ல மருந்து, நிகழ்ச்சி தொடங்கும் முன் பிட்ச் பைப்பை (சரியான சுருதி தரும் சிறு ஊதலை) ஒருமுறை ஊதி அதையும் டேப்பில் பதிந்துவிடுவது. போட்டுக் கேட்கும்போது அந்த ஊதலோடு பைப்பை ஒப்பிட்டால் ரெக்கார்டர் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பேஸ் வரிகளை மட்டும் ஊகித்துத்தான் எழுத வேண்டும். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு கீழ் ஒலி எழும்பாது.

தாளத்துக்கு வருவோம். ‘மிஷன் இம்பாசிபிள்’ ஆவர்த்தத்துக்கு ஐந்து அடி. அரை அடிகளாக எண்ணினால் பத்து: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. நெடில், நெடில், குறில், குறில். சாரணர் படையில் மோர்ஸ் பழகியவர்கள் இதை ‘எம்’, ‘ஐ’ என்றே வாசிப்பார்கள். தொடர்ப் பெயரின் முதலெழுத்துகளும் அவைதான். நாலடியே பழகிய டிரம் கை, ஐந்து முடிந்ததும் ஆறாவதாக ஓர் அடியைப் போட்டு நிறுத்தும். அங்கேதான் முழு பேண்டும் சிதறும். மிருதங்கம் பழகிய பிள்ளைக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ‘தகிட தகிட தக தக’ என்று நாலு தரம் வாயால் சொல்லிவிட்டுக் குச்சியை எடுத்தால் போதும். அதன்மேல் பேஸ்: ஜி, ஜி, பி ஃபிளாட், சி, மறு ஆவர்த்தம் ஜி, ஜி, எஃப், எஃப் ஷார்ப். கடைசி இரண்டையும் வெட்டி வாசிக்க வேண்டும், இழுத்தால் அடுத்த ஜி தாமதமாகும்.

இதை வாசித்துக்கொண்டு அணிவகுக்க முடியாது. ஐந்து ஒற்றைப்படை, ஓர் ஆவர்த்தம் இடது காலில் தொடங்கினால் அடுத்தது வலது காலில் தொடங்கும். அதனால்தான் திடலுக்கு நாலடியில் மார்ட்டன் ஸ்டீவன்ஸின் ‘ஹவாய் ஃபைவ்-ஓ’, மேடைக்கு இது.

பின்னாளில் வந்த தமிழ்த் தொடர்ப் பாடல்கள் வேறு ஜாதி. தினா இசையில் நித்யஸ்ரீ பாடிய ‘சித்தி’ பாட்டைப் போன்றவை குரலின் கமகத்தில் நிற்பவை. டிரம்பெட்டின் வால்வு அந்த வளைவைப் படிப்படியாக நறுக்கிவிடும். வயலினுக்கோ நாதஸ்வரத்துக்கோ கொடுப்பதே முறை.

ஒன்றுகூடலில் மறுபடி வாசிக்க நினைக்கும் லண்டன், மெல்பர்ன் நண்பர்கள் கவனிக்க: அங்கே விற்ற பழைய தொடர் டிவிடிகளும் பெரும்பாலும் அதே 25 வேகம்தான். ஜி வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் மேலே கேட்டால், இறக்கியே எழுதுங்கள்.