ராஸே தீவும் ஓயாத ஒரு ரீலும்

ஸ்காட்லாந்தில், ஸ்கை தீவின் ஸ்கான்சர் துறையிலிருந்து ராஸேவுக்குப் படகில் 25 நிமிடம்தான். ஸ்கைக்கு வருகிறவர்களில் பலர் மலைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னை அக்கரைக்கு இழுத்தது ஒரு ரீல், அதாவது வேகமான ஒரு நடன மெட்டு. நாட்டுப்புற வயலின் கலைஞர்கள் ‘மிஸ் மக்லவுட்ஸ் ரீல்’ என்று வாசிக்கிறார்களே, அந்த மக்லவுட் குடும்பம் ஆண்ட தீவு ராஸே.

எடின்பரோவில் இசைப் பதிப்பகம் நடத்திய நத்தானியல் கோ, 1809இல் வெளியிட்ட தொகுப்பில் இதை ‘மிஸஸ் மக்லவுட் ஆஃப் ராஸே’ என்று அச்சிட்டார். ஸ்கை தீவின் பழைய ரீல் என்றும், திரு. மக்லவுட் தெரிவித்தது என்றும் குறிப்பு இருக்கிறது. இயற்றியவர் பெயர் இல்லை. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஊரார் கால்களும் வில்களும் சேர்ந்து உருட்டிய மெட்டு அது.

துறைக்கு அருகே ராஸே மாளிகை நிற்கிறது. 1773இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அவருடைய நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் இங்கே விருந்தினராகத் தங்கியபோது இரவுதோறும் நடனம் நடந்தது. அது போதாதென்று பாஸ்வெல் டன் கான் மலையேறி, அதன் தட்டையான உச்சியிலும் ரீல் ஆடினார். சுமார் 440 மீட்டர் உயரம். நானும் ஏறினேன். நிமிர்ந்து நிற்கவே விடாத காற்றில் ஆடியிருக்கிறார்களே என்று வியந்துபோனேன்.

அந்த ஆட்டக்காரர்களின் சந்ததிக்கு நேர்ந்தது கொடுமை. கடனில் மூழ்கிய மக்லவுட் தலைவர் 1840களில் தீவை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். தீவை வாங்கிய ஜார்ஜ் ரெய்னி ஆடு வளர்ப்புக்காக ஊர் ஊராக மக்களை வெளியேற்றினார். கிழக்குக் கரையில் ஹாலெய்க் என்ற ஊர் இருந்த இடத்தில் இன்று இடிந்த கற்சுவர்கள்தான் மிச்சம்.

மெட்டோ பரவிக்கொண்டே இருந்தது. அயர்லாந்தில் மிஸஸ், ‘மிஸ்’ ஆனார். அமெரிக்காவில் ‘ஹாப் ஹை லேடீஸ்’ என்ற பெயரும் வேடிக்கையான பாடல் வரிகளும் சேர்ந்தன. அங்கே பான்ஜோவிலும் வாசிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பை வைத்த ஊதுகருவியான ஹைலண்ட் பைப்பில் ஒன்பது சுரங்களே உண்டு என்பதால், பைப் கலைஞர்கள் அந்த எல்லைக்குள் மெட்டை நிறுத்திக்கொள்கிறார்கள்.

எங்கே வாசித்தாலும் ஒரு குணம் மாறுவது அரிது. மெட்டு ஸ-வில் எழும்பி, பகுதியின் முடிவில் ரி-யில் தொங்கி நிற்கும். காது ஸ-வைத் தேடும். அதைத் தரவேண்டுமானால் முதலிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். நடனத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆடுகிறவர்கள் களைக்கும்வரை மெட்டு முடியவே முடியாது!

ஸ்கைக்குத் திரும்பி, போர்ட்ரீயில் ஒரு மதுக்கடையில் வயலின் வாசித்த பெண்மணியிடம் இதைக் கேட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு சுரங்களை மாற்றிக்கொண்டே போனார். எது சரியான வடிவம் என்றேன். “இப்போது வாசித்தது” என்று சொல்லிவிட்டு அடுத்த ரீலுக்குத் தாவிவிட்டார்.